கொண்டைக்குக் குழி வைத்த பலகை

ஒட்டன்சத்திரத்தில் ஒரு குரு இருக்கிறார். காவி கிடையாது, தாடி கிடையாது, கண்ணை மூடி உட்கார நேரமும் கிடையாது. கிரீஸ் படிந்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு, காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் மெக்கானிக் பட்டறை நடத்துகிறார். பெயர் தாவூத். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்.

அவருடைய சிஷ்யை நாச்சம்மாளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாச்சம்மாள் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து, தானே ஓட்டி, மலைக்காய்களை மார்க்கெட்டுக்கு இறக்குகிறவள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, பின்னந்தலையில் தேங்காய் அளவுக்கு ஒரு கொண்டை. "பாச்சலூர் ரோட்டுல ரிவர்ஸ்லயே ஏறுவேன்" என்பாள். பாதியாவது நிஜமாக இருக்கும்.

ஒருநாள் அதே பாச்சலூர் மலை ரோட்டில் தக்காளி லோடோடு வண்டி படுத்துவிட்டது. மெக்கானிக் மேலே வந்து சேர்வதற்குள் வெயிலில் தக்காளி குழைந்து, வண்டியிலிருந்து ரசமாகச் சொட்டியது. திருகி விட வேண்டியது ஒரே ஒரு நட்டு. மெக்கானிக் அதைத் திருகியபோது நாச்சம்மாளுக்கு அழுகை வரவில்லை, ரோஷம்தான் வந்தது.

மறுநாளே தாவூத் பட்டறையில் போய் நின்றாள்.

"தம்பி, எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக் குடுங்க."

முந்தின நாள் வரைக்கும் "வா தம்பி, போ தம்பி" என்று பேசியவள். "குடுங்க" என்றதைக் கேட்டுத் தாவூத் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான் தீட்சை.

தாவூத் பட்டறையில் சர்டிபிகேட் எல்லாம் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவர்களை அண்ணே என்பார், தம்பி என்பார், அக்கா என்பார். என்றைக்கு ஒருவரை "மெக்கானிக்" என்று கூப்பிடுகிறாரோ, அன்றைக்கு அந்த ஆள் மெக்கானிக். வண்டி ஸ்டாண்டில் அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தையை அவர் லேசில் விடுகிறவர் இல்லை. இதுவரை இரண்டே பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

நாச்சம்மாளுக்கு அந்த வார்த்தை வேண்டும். சோறு தண்ணியை விட அது வேண்டும்.

இரண்டு வருஷமாக ஓய்ந்த நேரமெல்லாம் பட்டறையில் கிடந்தாள். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு வண்டிக்கு ஒரு ஷெட் கட்டினாள். தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றினாள், பிரேக் பார்த்தாள். உரச்சாக்கை விரித்து வண்டிக்கடியில் அவள் படுப்பதை எதிர்வீட்டு மயிலாத்தாள் வாசலில் நின்று பார்ப்பாள். மயிலாத்தாள் வேறு யாரும் இல்லை, கொழுந்தன் பெண்டாட்டி.

"ஏக்கா, இந்த வயசுல இப்படி வண்டிக்கடியில கெடக்கறியே, போறவங்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"வண்டி ரிப்பேர்னு நெனைப்பாங்க."

வாயில் நாச்சம்மாளை ஜெயிக்க முடியாது. ஆனால் முதுகு ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டிக்கடியிலிருந்து புரண்டு, உருண்டு, பம்பரைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் அப்பாடா என்று ஆகிவிடும்.

ஒருநாள் பட்டறையில் அப்படித்தான் எழுந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"தம்பி, நான் எப்ப மெக்கானிக் ஆவேன்?"

தாவூத் அவள் சட்டை முதுகில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"படுத்து வேலை செய்ய உங்களுக்குன்னு ஒரு சக்கரப் பலகை செய்யுங்கக்கா. உங்க ஷெட்டுக்கு வந்து அதுல படுத்து நான் ஒரு வேலை பாக்குறேன். எந்திரிக்காம முடிச்சேன்னா, அப்புறம் பேசுவோம்."

நாச்சம்மாளுக்குக் காதில் விழுந்தது "சக்கரப் பலகை". "உங்க ஷெட்டுக்கு" என்று அவர் சொன்னது விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தாள். கடையில் வாங்கும் பலகையெல்லாம் யாரோ ஒரு ஆம்பளையின் முதுகுக்குச் செய்தது. இது தன் உடம்புக்குச் செய்யும் பலகை. அளவு எடுக்க ஒரு யுக்தி பண்ணினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரப் புடவையோடு ஷெட்டுத் தரையில் மல்லாந்து படுத்து எழுந்தாள். தரையில் பதியும் ஈரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால் அளவு தயார்.

சாக்பீஸை எடுப்பதற்குள் ஈரம் தெருப்பக்கம் வடிந்து ஓடிவிட்டது.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னே? அந்தத் தரை சாதாரணத் தரையா? கொத்தனார் பக்கத்திலேயே நின்று, "வாட்டம் நல்லாக் குடுங்க, வண்டி கழுவுனா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள நிக்கக் கூடாது" என்று உயிரை வாங்கி, அவர் கரண்டியைப் போட்டுவிட்டுப் போகும் அளவுக்குச் சண்டை பிடித்துப் போட்ட தரை. "நம்ம தரைன்னா தரைதான்" என்று மெச்சிக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் போய்ப் படுத்து அளவு எடுத்தாள். கூடத்தில் ஈரம் சொன்ன பேச்சைக் கேட்டு அங்கேயே கிடந்தது.

பலகை உருவானது. வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்தாள். சக்கரத்தைப் பலகைக்கு அடியில் வைத்தால் உயரம் கூடிவிடும், வண்டிக்கும் மூக்குக்கும் நடுவில் கை நுழையாது. அதனால் சட்டத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் சக்கரத்தைத் தள்ளி வைத்து, நடுவில் பலகையைத் தரையை ஒட்டித் தொங்க விட்டாள். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் நாலுக்கும் தகரத்தில் மட்கார்டு. கழற்றிய நட்டு உருண்டு போகாமல் ஒட்டிக்கொள்ள, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் வலது கைப்பக்கம். பழைய சீட்டின் ரெக்சினைத் தைத்துத் தலைக்கு ஒரு மெத்தை.

அந்த மெத்தையின் நடுவில் ஒரு குழி.

"இது என்னக்கா, கிண்ணம் வைக்கவா?" என்றார் வெல்டிங் கடைக்காரர்.

"கொண்டைக்கு."

கடைக்காரர் பலகையைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஊர்ல எத்தனையோ பலகை இருக்கும். கொண்டைக்குக் குழி வச்ச பலகை இது ஒண்ணுதான்" என்றாள் நாச்சம்மாள். அவள் சொன்னது முழுக்க நிஜம்.

சக்கரத்துக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டாள். பழைய இரும்புக்கடையெல்லாம் ஏறி இறங்கி, ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்றில் இருந்த ரப்பர் சக்கரங்களைப் பிடித்தாள். அவற்றுக்குள் இருந்த பால்ரஸ் குண்டுகளைப் பிரித்து, கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினாள். வெல்டிங் கடையில் பலகையை இறக்கிச் சுண்டுவிரலால் தட்டினாள். அந்தக் கோடிச் சுவர் வரை போய் முட்டி நின்றது.

"அடேங்கப்பா!" என்றது கடை மொத்தமும்.

ஆனால் அவள் அதில் படுக்கவில்லை. குருவின் கை படாத புதுச் சாமானில் சிஷ்யர் வேலை செய்யக் கூடாது. அது தாவூத் பட்டறை வழக்கம். ஷெட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கதம்பச் சரம் ஒன்றையும் சுற்றிவிட்டாள். கூடவே இன்னொரு காரியமும் பண்ணினாள். "நாச்சம்மாள் மோட்டார் பட்டறை" என்று ஒரு போர்டு எழுதி வாங்கி, ஷெட் வாசலுக்கு மேலே மாட்டி, துண்டைப் போட்டு மூடி வைத்தாள். குரு அந்த வார்த்தையைச் சொன்னதும் துண்டை உருவுவதாகத் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாவூத் வந்தார். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள், ஏனென்றால் நாச்சம்மாள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மயிலாத்தாள் அன்றைக்கென்று பெரிய கோலமாகப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வண்டி தெருவைப் பார்த்து நின்றது. பின்சக்கரத்துக்கு நாச்சம்மாள் வழக்கம்போலக் கட்டை கொடுத்திருந்தாள். தாவூத் அந்தக் கட்டையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பலகையைத் திருப்பிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல சக்கரம்" என்றார்.

நாச்சம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் வாட்சைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தார். இரண்டையும் அவள் கையில் கொடுத்தார். பலகையில் மல்லாந்து படுத்தார். தலை பொதுக்கென்று குழியில் இறங்கியது.

"இது?"

"என் கொண்டைக்குங்க தம்பி."

"ம்" என்றபடி குதிகாலை ஊன்றி, முன்பக்கத்திலிருந்து வண்டிக்கடியில் போனார். சைலன்சரைத் தாங்கும் போல்ட் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதுதான் வேலை. ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும் ஒரு தம் பிடித்துத் தள்ளினார்.

போல்ட் அசையவில்லை. தாவூத் அசைந்தார்.

வழவழவென்று இழைத்த தரையில் குதிகால் நிற்கவில்லை. பலகை மெல்லக் கிளம்பி, வேகம் பிடித்து, வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, மூடிய போர்டுக்குக் கீழே கடந்து, தெருவைக் குறுக்கே தாண்டி, மயிலாத்தாள் கோலத்தின் நட்ட நடுவில் போய் நின்றது. குரு ஸ்பேனரைப் பிடித்த பிடி விடாமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

"ஏந்தம்பி, வண்டி பாக்க வந்தீங்களா, எங்க தெருவைப் பாக்க வந்தீங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

தெருவே சிரித்தது. நாச்சம்மாளுக்கு உயிரே போய்விட்டது. தான் விழுந்திருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பாள். குருவைத் தெருவில் தள்ளிவிட்டாளே பாவி! ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

தாவூத் எழுந்திருக்கவில்லை.

"அக்கா."

"சொல்லுங்க தம்பி."

"உங்க ஷெட்டுல வண்டி கழுவுனா தண்ணி எங்க போகும்?"

"தெருவுக்கு."

"நானும் அங்கதான் இருக்கேன்."

பிறகு எழுந்து, தலையிலிருந்த கோலப்பொடியைத் தட்டி, வாட்சையும் போனையும் வாங்கிக்கொண்டு, "இன்னொரு நாள் வர்றேன்" என்று போய்விட்டார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நாச்சம்மாள் அன்று மத்தியானமே போர்டைத் துண்டோடு இறக்கி உள்ளே கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது அவள் முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே? வாட்சும் போனும் எடுத்துக் குடுத்தீங்களே."

"தெரியும்."

"தெரிஞ்சே எதுக்குப் படுத்தீங்க?"

"படுக்கறேன்னு சொல்லியிருந்தேனே."

நாச்சம்மாள் பொங்கிவிட்டாள்.

"அந்தத் தரையை உடைச்சுப் போட்டுர்றேன் தம்பி. கடப்பாரை எடுத்து வச்சிட்டேன்."

"தரை என்ன தப்பு பண்ணுச்சு?"

"அப்ப அந்தச் சக்கரத்தைக் கழட்டித் தூரப் போடறேன்."

"சக்கரம் என்ன தப்பு பண்ணுச்சு?"

"ரெண்டும் தப்பு பண்ணலைன்னா எப்படிங்க ஓடுச்சு?"

தாவூத் கார்புரேட்டரை ஊதிக்கொண்டே கேட்டார்.

"தரையை யாருக்கா போட்டது?"

"நான்தான் நின்னு போடச் சொன்னேன்."

"பலகையை யாரு செஞ்சது?"

"அதுவும் நான்தான்."

"நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசிக்கலையா?"

வாய்க்கு வாய் பேசுகிற நாச்சம்மாள் பட்டறையை விட்டுப் பேசாமல் போனது அன்றைக்குத்தான்.

குருவின் கை என்ன, முதுகே பட்டுவிட்டதால் இனிப் பலகையில் படுக்கத் தடை இல்லை. முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்துப் பார்த்தாள். கல் வைத்தால் நின்றது. ஆனால் வண்டிக்கடியில் கொஞ்சம் மேலே போக, கொஞ்சம் கீழே வர, ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக் கல்லைத் தேட வேண்டியிருந்தது. ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் கல் என்றால் நட்டை யார் பிடிப்பது? ஒரு தடவை கல் நழுவி, அவளே வாசல் வரை போய் வந்தாள். எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சிரி, சிரி" என்று பல்லைக் கடித்தாள். "இந்தப் பலகை நிக்கல, என் பேரு நாச்சம்மா இல்ல."

அந்த வாரம் மலையிலிருந்து பீன்ஸ் லோடு. இறங்கும்போது பாதி மலையில் டீக்கடையில் நிறுத்தினாள். சரிவான இடம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், கியரில் போட்டாள், இறங்கி சீட்டுக்கடியிலிருந்து கட்டையை எடுத்துப் பின்சக்கரத்தில் கொடுத்தாள். மேலே காலை வைத்து, உடம்பின் பாரத்தை இறக்கி ஒரு மிதி மிதித்தாள். கட்டை நறுக்கென்று உட்கார்ந்தது.

கால் கட்டையின் மேல் இருக்க, அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இத்தனை வருஷமாக இந்த மலையில் கட்டை கொடுக்காமல் ஒரு தடவையாவது வண்டியை விட்டு இறங்கியிருக்கிறாளா? தூக்கத்தில் எழுப்பி விட்டால்கூடக் கட்டையைத் தேடுகிற ஆள். அன்றைக்கு ஷெட்டில் நின்ற வண்டிக்குக்கூடக் கட்டை கொடுத்தாள். குரு படுத்த பலகைக்குக் கொடுக்கவில்லை. கட்டையை உட்கார வைப்பது கை இல்லை, உடம்பின் பாரம். அதை ஆயிரம் தடவை மிதித்த காலுக்குத் தெரியும். தலைக்குச் சொல்லவே இல்லை.

"அட மூதேவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

டீக்கடைக்காரர் பயந்துபோய், "என்னாச்சுக்கா?" என்றார்.

"ஒண்ணுமில்ல, இன்னொரு டீ போடுங்க. சக்கரை தூக்கலா!"

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டையை எடுத்தாள். மலையில் அவள் உயிரைக் காத்த வேலங்கட்டை. சாமி மாதிரி வைத்திருந்த சாமான். வண்டிக்குப் புதுசு ஒன்று செதுக்கி வைத்துவிட்டு, இதை இரண்டாக அறுத்தாள். ஒவ்வொரு துண்டின் அடியிலும் பழைய டயரின் ரப்பரை ஆணி தெரியாமல் பதித்து அடித்தாள். இரண்டையும் பலகையின் இடுப்புப் பக்கத்தில், சக்கரத்துக்கு உள்பக்கமாகப் பொருத்தினாள். அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களையும் கழற்றி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கை வைத்து மறுபடி மாட்டினாள். முதல் ஸ்பிரிங் மெலிசாகப் போய் அமுங்கியே கிடந்தது. அடுத்தது விறைத்துக்கொண்டு அமுங்கவே இல்லை. கடையில் இருக்கிற ஸ்பிரிங்கையெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் ஒன்று அமைந்தது. இடுப்பை இறக்கினால் ஸ்பிரிங் அமுங்கி, கட்டை தரையில் உட்கார்ந்தது. பலகை சரிவில் பாறையாக நின்றது. குதிகாலை ஊன்றி இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் ஸ்பிரிங் எழும்பியது, கட்டை தரையை விட்டது, சக்கரம் ஓடியது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தது. தரையை ஒரு பொட்டு உடைக்கவில்லை. சக்கரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

நாச்சம்மாள் வண்டிக்கடியில் மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தாள். பிறகு கொண்டையைக் குழியில் வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் கொடுத்து, வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தாள். இப்படி ஒரு கர்வம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. முதல் முதலாக ஸ்டியரிங் பிடித்த நாளில்கூட இல்லை.

இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. போர்டையும் வெளியே எடுக்கவில்லை. பட்டறைக்குப் போய் ஒரே வார்த்தை சொன்னாள்.

"வாங்க தம்பி."

தாவூத் வந்தார். சொல்லாவிட்டால் என்ன, தெருவுக்குத் தெரியாமலா போகும்? மயிலாத்தாள் கோலத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். சின்னக் கோலமாகத்தான் போட்டிருந்தாள்.

"இன்னைக்கு எப்பக்கா வெளிய வருவாரு?"

"வேலை முடிஞ்சதும் வருவாரு" என்றாள் நாச்சம்மாள்.

தாவூத் பலகையில் மல்லாந்து கழுத்தைச் சாய்த்தார். தலை குழிக்குள் விழவில்லை. குழிக்குள் பஞ்சு அடைத்த சின்னத் திண்டு ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்குக் கொண்டை இல்லையே, அதுக்காகத் தச்சேன்" என்றாள்.

அவர் வண்டிக்கடியில் போனார். வாட்சைக் கழற்றவில்லை. போன் சட்டைப் பையிலேயே இருந்தது. நாச்சம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். கண் கலங்கியது. மயிலாத்தாள் பார்க்கிறாளே என்று கையை வைத்துத் துடைக்கவில்லை.

அதே போல்ட். அதே ஸ்பேனர். உள்ளேயிருந்து தாவூத் தம் பிடிக்கும் சத்தம் கேட்டது.

கிறீச்சென்று ஒரு சத்தம். இந்தத் தடவை அசைந்தது போல்ட்.

பழைய போல்ட் காந்தத்தில் டிக்கென்று ஒட்டியது. புதுசு ஏறியது. பலகை கொஞ்சம் மேலே போனது, நின்றது. கொஞ்சம் கீழே வந்தது, நின்றது. ஒரு தடவையும் அவர் எழுந்திருக்கவில்லை. கோலம் கோலமாகவே இருந்தது. மயிலாத்தாள் இடுப்பிலிருந்த கையைத் தானாக இறக்கினாள்.

தாவூத் வெளியே வந்து, பலகையைக் கவிழ்த்துப் போட்டு, குத்த வைத்து உட்கார்ந்து பார்த்தார். கட்டையின் அடியிலிருந்த ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினார். ஸ்பிரிங்கைத் தட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது மலைக் கட்டைதானே?"

"ஆமாங்க தம்பி."

"அறுத்துட்டீங்களா?"

"அறுத்தாத்தான் நின்னுச்சு."

அவர் எழுந்தார். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "பட்டறைக்கு ஒண்ணு வேணும்க்கா. எனக்குச் செஞ்சு குடுங்க" என்றார்.

குரு கேட்கிறார்! அதுவும் தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி! நாச்சம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இதென்ன பெரிய விஷயம், நாளைக்கே கொண்டாந்துர்றேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

அவள் தன் தரையைப் பார்த்தாள். காலையில் வண்டி கழுவிய ஈரம் இழை பிரிந்து தெருப்பக்கம் போயிருந்தது. இரண்டு வருஷமாகப் போய் வரும் பட்டறைதான். உரச்சாக்கைப் போட்டுப் புரண்ட தரைதான். ஆனால்...

"தம்பி" என்றாள். "உங்க பட்டறையில தண்ணி எங்க போகும்?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. தாவூத் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, நிஜமாகவே யோசித்தார்.

"தெரியல" என்றார். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க, மெக்கானிக்."